கடல் உள்வாங்கியதால் படகு இல்லை, என் பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்

வைகைக்கரை எழுதியது:

போன மே மாதம் கன்னியாகுமரி போய் வந்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்கிற பதிவு இல்லை இது. அன்றைக்கு நான் போட்டு வைத்திருந்த திட்டத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்றுவரை "மறுபடி எப்பப்பா போவோம்" என்று கேட்கிற ஊர் அதுதான். அது ஏன் என்று எனக்குப் புரியவே சில மாதம் பிடித்தது.

நாங்கள் மதுரை. நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், கூட என் அம்மா. சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டும் என்று ராத்திரி ஒன்றரை மணிக்கு வண்டியை எடுத்தேன். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், நான்கு மணி நேர ஓட்டம். காவல்கிணறு பக்கம் வரும்போது இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. சின்னவன் விழித்துக்கொண்டு அவற்றை எண்ண ஆரம்பித்தான், நான் "தூங்குடா, காலையில் அழுவ" என்று அதட்டினேன். அந்த நாளின் முதல் அதட்டல் அது.

முக்கடல் சங்கமத்தில் அந்த நேரத்துக்கே நல்ல கூட்டம். எல்லோரும் கிழக்கே பார்த்துக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். ஆறு ஆனது, ஆறேகால் ஆனது, சூரியனைக் காணவில்லை. வானம் முழுக்க மேகம். கடைசியில் வெளிச்சம் மட்டும் வந்தது, கூட்டம் கலைந்துவிட்டது. அறைக்குப் போனால், சீக்கிரம் வந்தாலும் தருகிறோம் என்று போனில் சொன்னவர்கள் இப்போது 12 மணிக்குத்தான் என்றார்கள். சரி, அதுவரை படகில் போய் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவரையும் பார்த்துவிடலாம் என்று ஏழு மணிக்கே வரிசையில் நின்றோம். மனைவிக்கு அந்தக் கண்ணாடிப் பாலத்தில் நடக்க வேண்டும் என்று ஆசை, 2024 டிசம்பர் 30-ல் திறந்தது, பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர். மகளுக்கு வள்ளுவர். 133 அடி, அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலில் 38 அதிகாரம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எட்டு மணிக்குச் சொன்னார்கள், கடல் உள்வாங்கியிருக்கிறது, தண்ணீர் ஏறினால்தான் படகு என்று. எப்போது ஏறும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது, ஒன்பதரை. வெயில் இல்லை, ஆனால் புழுக்கம். என் அம்மா கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு பேரப்பிள்ளைகளுக்குக் குமரி அம்மன் கதை சொன்னார். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகக் கிளம்பி வந்த தாணுமாலயன், விடிவதற்கு முன்பே கோழி கூவியதைக் கேட்டு முகூர்த்தம் தவறிவிட்டது என்று திரும்பிப் போய்விட்டாராம். கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே கொட்டிக் கிடந்து மணலாகிவிட்டதாம். அதனால்தான் இங்கே மணல் சிவப்பாகவும் கறுப்பாகவும் இருக்கிறதாம். சின்னவன் கேட்டது ஒரே கேள்வி: "அப்பத்தா, அந்தப் பருப்பு எங்க கிடக்கு?"

அவ்வளவுதான், இரண்டும் அப்பத்தாவை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. நான் வரிசையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் ஓடி வந்து "அப்பா, சீக்கிரம் வாங்க, நண்டு சங்கு போட்டுக்கிட்டு நடக்குது" என்றாள். "படகு விட்டுட்டா இடம் போயிடும்மா, அவனைக் கூட்டிட்டு வா" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம் சொன்னாள்: "படகுதானப்பா இல்ல, கடல் இருக்குல்ல."

போனேன். கோபத்தோடுதான் போனேன், அவனை இழுத்து வர. போய்ப் பார்த்தால், தண்ணீர் பின்வாங்கியதால் பாறைகள் எல்லாம் வெளியே தெரிகின்றன, பாறை இடுக்குகளில் சின்னச் சின்னக் குட்டைகளாகக் கடல் தங்கியிருக்கிறது. ஒரு குட்டை நம் வீட்டு அண்டா அகலம்தான் இருக்கும். அதற்குள் விரல் நீளத்தில் ஏழெட்டு மீன், பாசி, காலி சங்குக்குள் குடியேறிய நண்டுகள், ஒரு இடுக்கில் கறுப்பாக முள்முள்ளாக ஒரு கடல் முள்ளெலி. பாசி மாலை விற்கிற ஒரு அம்மா என் பிள்ளைகளோடு குந்தி உட்கார்ந்து, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சங்குநண்டைக் கையில் எடுத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், மூச்சு விடாமல் காத்திருந்தால் மெதுவாகக் காலை நீட்டும். சின்னவன் காத்திருந்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒரு நிமிடம் உட்காராத பையன் அந்த நண்டுக்காக அசையாமல் இருந்ததைப் பார்த்தபோதுதான் நானும் உட்கார்ந்தேன். அப்புறம் ஒன்றரை மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. நடுவில் அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி "அப்பா, வள்ளுவர் என் விரல் அளவுதான்" என்று காட்டினான். நானும் நீட்டிப் பார்த்தேன், ஆமாம்.

அன்று படகு ஏறவே இல்லை. சாயங்காலம் மறைவும் மேகத்துக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் ஊர் திரும்பிவிட்டோம்.

நான் சொல்ல வருவது இதுதான். படகை நிறுத்தியதும் அந்தக் குட்டைகளைத் திறந்து வைத்ததும் ஒரே வற்றம்தான். நான் மூன்று மணி நேரமாக வரிசையில் நின்று, நடந்திருக்க வேண்டிய நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எதிரில் இருந்த நாளைப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் அப்படி ஒரு இன்னொரு நாள் கையில் இல்லை. நம் ஏமாற்றத்தில் பாதி நாம் வீட்டிலிருந்தே கட்டி எடுத்துப் போவது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


ஹேர்பின் எழுதியது:

எங்களுக்கு ஊட்டியில் இதே மாதிரி. நவம்பர் மாதம், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த டிக்கெட். முந்தின ராத்திரி பெய்த மழையில் கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் மண் சரிந்து, விடியற்காலை ரயில் ரத்து. என் பையனுக்கு ஆறு வயது. அந்த ரயிலின் கணக்கெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் வைத்த தண்டவாளம், ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

அழுதான். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், பத்து நிமிடம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதான். நாங்கள் அவனைவிடப் பெரிய சோகத்தில் இருந்தோம். ஆனால் குன்னூர் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் முதல் கொண்டை ஊசி வளைவின் பலகையைப் படித்தான். இரண்டாவதையும் படித்தான். அப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் நடத்துனர் மாதிரி எழுந்து நின்று நம்பர் சொன்னான். பதினான்காவது வளைவு வரும்போது பேருந்தில் பாதிப் பேர் அவனோடு சேர்ந்து சொன்னார்கள். குன்னூர் நிலையத்தில் நீராவி எஞ்சின் ஒன்று பணிமனை பக்கம் நின்றிருந்தது, அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தான். அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் ரயில் ஓடியது, அதில் போனோம்.

நான் கவனித்தது, குழந்தை அழுது முடித்துவிடுகிறது. நாம் அழுவதும் இல்லை, முடிப்பதும் இல்லை, நாள் முழுக்க இழுத்துக்கொண்டே போகிறோம்.


தேன்மொழி_அம்மா எழுதியது:

வைகைக்கரை அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், நண்டு காலை நீட்டும் இடத்தைப் படிக்கும்போது எனக்கே பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒரு கேள்வி. நீங்கள் ஒன்றரை மணி நேரம் குட்டை ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது அண்ணி எங்கே இருந்தார்கள்? உங்கள் பதிவில் அவர்களுக்குக் கண்ணாடிப் பாலத்தில் நடக்க ஆசை என்ற ஒரு வரிக்குப் பிறகு அவர்களையே காணோம்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. என் வீட்டிலும் இதுதான் நடக்கும். திட்டம் கலைந்துபோன நாளில் பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பசித்தால் பிஸ்கட் வரும், உடை நனைந்தால் மாற்று உடை வரும், பாத்ரூம் வந்தால் யாராவது தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த யாராவது நான்தான். ஐந்து பேருக்கும் உட்கார இடம் இல்லாமல், அறையும் கிடைக்காமல், மாமியாருக்கு மாத்திரை நேரம் ஆகிறதே என்று நான் பதறிக்கொண்டிருக்கும்போது "பிள்ளைகளைப் பார், எப்படி ரசிக்கிறார்கள், நீயும் ரசி" என்று சொன்னால் என்னால் ரசிக்க முடியாது. பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை மாதிரி இருக்க வேண்டுமானால் நமக்கும் ஒருத்தர் அம்மாவாக இருக்க வேண்டியிருக்கிறது. அது எப்போதும் ஒரே ஆளாக இருப்பதுதான் எனக்கு வருத்தம்.


சின்னமுட்டத்தான் எழுதியது:

எங்க ஊருக்கு வந்துவிட்டுச் சூரியனையும் பார்க்காமல், படகும் ஏறாமல் போனீர்கள் என்று படிக்கும்போது வருத்தமாக இருந்தது. ஆனால் குட்டை பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள், அது இங்கே வருகிறவர்களில் நிறையப் பேருக்கு வாய்க்காது.

படகு ஏன் நிற்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், தெரிந்தால் கோபம் குறையும். கரைக்கும் பாறைக்கும் நடுவில் ஆழம் அதிகம் இல்லை, அடியில் எல்லாம் பாறை. எங்கள் பக்கம் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் குறைந்தாலே படகின் அடி தட்டும். வள்ளுவர் சிலைப் பக்கம் இன்னும் மோசம், அதனாலேயே முன்பெல்லாம் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும், சிலைக்குப் போகாது. கண்ணாடிப் பாலம் வந்தபிறகு அந்தக் குறை தீர்ந்திருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். நீங்கள் வந்தது பௌர்ணமி பக்கமாகத்தான் இருக்கும், நாள்காட்டியைப் பாருங்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வற்றமும் ஏற்றமும் மாறும், தினமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிந்தும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும், இதைப் படித்துவிட்டு யாராவது பிள்ளைகளை அழைத்து வந்து பாறையில் இறக்கிவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. குட்டை பார்க்கலாம், ஆனால் அலை பக்கம் முதுகைக் காட்டி உட்காரக் கூடாது. ஒரு பெரியவர் கடலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் திரும்பி ஏறும்போது சத்தம் போட்டுக்கொண்டு வராது. காற்றே இல்லாத நாளில் எங்கோ தூரத்துக் கடலில் எழுந்த அலை இங்கே வந்து கரையேறும், நாங்கள் கள்ளக்கடல் என்போம். 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். போலீஸ் விசில் அடித்தால் பிள்ளை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்தப் பாசி மாலை அம்மா பக்கத்தில் இருந்தது உங்கள் நல்ல நேரம்.

அப்புறம் அந்த மணல். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், இரண்டும் கனிமம். ஆனால் அப்பத்தா சொன்னதுதான் சரி என்று சின்னவனிடம் சொல்லுங்கள், நாங்களும் அந்தக் கதை கேட்டுத்தான் வளர்ந்தோம்.


மலைப்பாதை77 எழுதியது:

என் கதை சந்தோஷமானது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் கொடைக்கானல். சேலத்திலிருந்து போனோம். தூண் பாறைக்கு நான்கு முறை போனேன், நான்கு முறையும் எதிரில் வெள்ளைச் சுவர்தான். மூடுபனி. கோக்கர்ஸ் வாக் என்கிற மலையோர நடைபாதையிலும் அதேதான், காசு கொடுத்து உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு வந்தோம். நான் அன்றைக்கு நடந்துகொண்ட விதம் சரியில்லை. டிரைவரைத் திட்டினேன், இந்த நேரத்தில் யார் வரச் சொன்னது என்று மனைவியைத் திட்டினேன், சோளம் வேண்டும் என்று கேட்ட பெரிய பெண்ணைத் திட்டினேன். சின்னவளுக்கு அப்போது நான்கு வயது. அவள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். என்ன பண்ற என்று அதற்கும் அதட்டினேன். "மேகம் சாப்பிடுறேன்" என்றாள்.

போன தீபாவளிக்குப் பெரியவள் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள், பழைய போட்டோ பார்த்துக்கொண்டிருந்தோம். கொடைக்கானல் படம் வந்தது. "நல்லா இருந்துச்சில்ல அந்த ட்ரிப்" என்று நான் சொன்னேன், எனக்கு அப்படித்தான் நினைவு, காலம் போகப் போக எல்லாம் நல்லதாகத் தெரிகிறதே. அவள் சொன்னாள், "எனக்கு நீங்க டிரைவர் அண்ணாவைத் திட்டினதுதான்ப்பா ஞாபகம். அவர் அப்புறம் வர்ற வழியெல்லாம் பேசவே இல்ல." மூடுபனி இருந்ததே அவளுக்கு நினைவில்லை.

சின்னவளுக்கு மேகம் சாப்பிட்டது நினைவிருக்கிறது. ஒரே நாள்தான், ஒரே வண்டிதான்.

வைகைக்கரை, உங்கள் மகள் வந்து கூப்பிட்டபோது போனீர்களே, அதற்காகச் சொல்கிறேன், நல்லது செய்தீர்கள்.


உப்புக்காற்று எழுதியது:

எல்லோரும் உருக்கமாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு பக்கம் பேசுகிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒரு டூர், அதுவும் எல்லா வருடமும் இல்லை. அதற்கு மாதாமாதம் சீட்டு கட்டுவேன். அப்படி ஒரு நாளைக்குக் கிளம்பி வந்து படகு இல்லை என்றால் எனக்கு வருகிற கோபம், எந்த நாளையோ மனதில் வைத்துக்கொண்டு வருகிற கோபம் இல்லை. அது காசு. லீவு போட்ட சம்பளம், வண்டி வாடகை, அறை வாடகை எல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றுதான் நாம் உழைக்கிறோம். அவர்கள் நிம்மதியாக நண்டு பார்ப்பதற்கு, நாம் அந்தக் கணக்கைச் சுமப்பதும் ஒரு காரணம்.

அதனால் ஏமாற்றம் நாமே கட்டி எடுத்துப் போவது என்று வைகைக்கரை சொன்னதை முழுசாக ஏற்க முடியவில்லை. ஆனால் மலைப்பாதை அண்ணன் எழுதியதைப் படித்தபிறகு ஒன்று நினைக்கிறேன். கோபம் வரட்டும், வராமல் இருக்காது, அதைப் பிள்ளை காதில் விழுகிற மாதிரி, இன்னொரு தொழிலாளி மேல் கொட்டாமல் இருக்கலாம். அந்த டிரைவரும் என் மாதிரி ஒரு ஆள்தான்.


தென்காசிச்சாரல் எழுதியது:

எனக்கு 66 வயது, பேரன் பேத்தி மூன்று பேர். குற்றாலம் எங்களுக்குப் பக்கம். போன ஆடியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் வெள்ளம், பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் தடை. மகனுக்கு முகம் தொங்கிவிட்டது, சென்னையிலிருந்து அதற்காகவே வந்தவன்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா, கடை ஓரம் தகரக் கூரையிலிருந்து வழிந்த தண்ணீருக்குக் கீழே வரிசையாக நின்று, அதுதான் அருவி என்று ஆளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று சின்னவள் கடைக்காரரிடமே எண்ணெய் கேட்டாள், அவரும் உள்ளங்கையில் ஊற்றினார். அப்புறம் மங்குஸ்தான் ஒரு கிலோ வாங்கி உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே சாரலில் நடந்தோம்.

உப்புக்காற்று தம்பி சொன்னது உண்மை. நான் இப்போது நிம்மதியாக இருக்க முடிவதற்குக் காரணம் கணக்கு பார்க்கிற வேலை என்னிடமிருந்து மகனுக்குப் போய்விட்டது. அவன் வயதில் நானும் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறேன். அதனால் அவனுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை, அவன் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவனும் தகரத்துக்குக் கீழே போய் நின்றான். தேன்மொழி, நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்மா, கையிலிருக்கிற பையை யாராவது வாங்க வேண்டும்.


வைகைக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தேன்மொழி, நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில்.

என் மனைவி அப்போது வெயிட்டிங் ஹாலில், அந்த விடுதி மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். 12 மணி என்றவர்களிடம் பேசிப் பேசிப் பதினொன்றரைக்கு அறையை வாங்கினாள். அதற்கு நடுவில் அம்மாவுக்கு இட்லி வாங்கி வந்து, சாப்பிடவைத்து, மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி போனாள். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. எழுத உட்கார்ந்தபோது எனக்கு நண்டு வந்தது, அவள் வரவில்லை. அதை நீங்கள் சொல்லித்தான் பார்க்கிறேன். அவள் அந்தக் குட்டையைப் பார்க்கவே இல்லை. அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு மூன்று மணிக்கு வந்தபோது கடல் ஏறி, எல்லாம் மூடியிருந்தது. பிள்ளைகள் அவளுக்கு இடத்தைக் காட்டினார்கள், "இதுக்குக் கீழ இருக்கும்மா" என்று. அவள் பார்த்தது அலையைத்தான். தண்ணீர் ஏறியும் காற்று பலமாக இருந்ததால் அப்போதும் படகு விடவில்லை.

உப்புக்காற்று, நீங்கள் சொன்னது சரி. எனக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிக்க மாட்டார்கள், அந்த வசதியில் இருந்துகொண்டு எழுதிய வரி அது. திருத்திக்கொள்கிறேன். சின்னமுட்டத்தான் அண்ணாச்சி, நாள்காட்டியைப் பார்த்தேன், பௌர்ணமிக்கு மறுநாள். அலைக்கு முதுகைக் காட்டித்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா மட்டும் எங்களுக்கு எதிர்ப்பக்கம், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் அந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்று இப்போதுதான் புரிகிறது. அவரிடம் நாங்கள் ஒரு மாலைகூட வாங்கவில்லை.

இந்த இழையை மனைவியிடம் காட்டினேன். அவளும் எழுதுகிறேன் என்றாள்.


வைகைக்கரை எழுதியது:

நான் அவர் மனைவி, அவர் கணக்கிலிருந்துதான் எழுதுகிறேன்.

தேன்மொழி, கேட்டதற்கு நன்றி. எனக்கு அன்றைக்கு அந்த மேலாளர் மேல்தான் கோபம், பிள்ளைகள் மேலோ இவர் மேலோ இல்லை. ஒன்று மட்டும் இவருக்கும் தெரியாது. இட்லி வாங்கப் போனபோது, அந்தக் கடையில் ஒரு தார் மட்டிப்பழம் தொங்கியது. விரல் நீளம்தான் இருக்கும், அவ்வளவு வாசனை. ஒன்று கேட்டேன், கடைக்கார அக்கா இரண்டு கொடுத்தார். யாரும் "அம்மா, அம்மா" என்று கூப்பிடாத இடத்தில் நின்று இரண்டையும் நானே சாப்பிட்டேன். எனக்கு அந்த ஊர் என்றால் அதுதான் நினைவு.

வீட்டுக்கு வந்தபிறகு சின்னவன் கால்சட்டைப் பையில் சிவப்பு மணல். துவைக்கும்போது பார்த்துவிட்டுக் கொட்டப் போனேன், "பருப்பும்மா" என்று அழ ஆரம்பித்துவிட்டான். தீப்பெட்டியில் போட்டு சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை அறைக்கு இவர் பேசட்டும், பை எல்லாம் இவரிடம் இருக்கட்டும். நான் குட்டை பார்க்க வேண்டும். சின்னமுட்டத்து அண்ணாச்சி, எந்த நாளில் வந்தால் தண்ணீர் வற்றும் என்று சொல்வீர்களா? கண்ணாடிப் பாலத்துக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறோம்.


சின்னமுட்டத்தான் எழுதியது:

தங்கச்சி, அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள், இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி. ஜூன், ஜூலை வேண்டாம், கடல் கொந்தளிப்பாக இருக்கும். தை, மாசியில் வாருங்கள், கடலும் அமைதி, உதயத்துக்கும் வானம் தெளிவாக இருக்கும். எத்தனை மணிக்கு வற்றும் என்று முந்தின நாள் இங்கேயே கேளுங்கள், துறைமுகத்தில் விசாரித்துச் சொல்கிறேன். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கி, ஏற ஆரம்பித்ததும் கரைக்கு வந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு போட்டுவிடுங்கள், பாறையில் ஒட்டியிருக்கிற கொட்டலசின் கூர் ஓடு காலைக் கிழிக்கும்.

மட்டிப்பழம் கடையில் வாங்க வேண்டாம். எங்கள் வீட்டுக் கொல்லையில் குலை நிற்கிறது.